காலியாகக் கிடந்த நாற்காலிகள்

ஏப்ரல் 21, திங்கள்

ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. மிச்ச நாற்பத்தொரு பக்கத்தையும் கிளிப் மாட்டித் தனியாகப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டார் சுயம்புலிங்கம் சார்.

"இத எடுத்துடும்மா ஆவுடை. எடுத்துட்டா நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"ஏன் சார் எடுக்கணும்?"

"வேண்டாம்னா வேண்டாம். மத்த நாலும் அருமையா வந்திருக்கு. அது போதும்."

அவர் என் நெறியாளர், பண்பாட்டு ஆய்வுத் துறையின் தலைவர். மே முப்பதாம் தேதி அவருக்குக் கடைசி வேலை நாள். முப்பத்தொன்றாம் தேதியோடு எனக்கு ஆறு வருடக் கெடு முடிகிறது. அதற்குள் அவர் கையெழுத்தோடு ஆய்வேடு உள்ளே போகவில்லை என்றால் என் பதிவே ரத்து. ஆறு வருடமும் வாய்க்கால் தண்ணீராய் ஓடிப்போனதாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லி, அவர்கள் சிரித்து முடித்தாகிவிட்டது. அலுவலக வாசல்களில் மக்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள்? யார் நிற்கிறார்கள், யார் உட்காருகிறார்கள், யாரை யார் உட்காரச் சொல்கிறார்கள்? அவ்வளவுதான். பதிவு செய்யப் போனபோது தமிழ்த்துறை "இது சமூகவியல்" என்றது. சமூகவியல் "இது கட்டடக்கலை" என்றது. கட்டடக்கலைத் துறையில் ஒருவர் நாற்காலி செய்யக் கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைத்துத் தச்சுப்பட்டறைக்கு வழி சொன்னார். கடைசியில் எல்லாத் துறைக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் துறைதான் சேர்த்துக்கொண்டது.

முதல் நாலு அத்தியாயம் கலெக்டர் ஆபீஸ், ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ். ஐந்தாவது எங்கள் பல்கலைக்கழகம். அதுதான் வேண்டாமாம்.

என் வீட்டுக்காரர் மூக்கையாவுக்கு இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமனே கிடந்தது. கோபத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்று எடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

மாவு புளித்துவிட்டது. நானும்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை பத்தேகாலுக்குப் போனேன், சாரைப் பார்க்க. பார்க்க முடியவில்லை. "சார் மீட்டிங்" என்றார் தளவாய் அண்ணன். இருபது வருடமாகத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளர். உள்ளே சார் போனில் சிரிக்கிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது.

அறைக்கு வெளியே நாலு நாற்காலி. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு நாற்காலிகள். தளவாய் அண்ணனின் ஆட்சி அங்கேதான். பேராசிரியர் வந்தால் எழுந்து, துண்டால் தட்டி, "உக்காருங்க சார்". கிளார்க் வந்தால், "இருங்க". மாணவர் வந்தால் வெறும் பார்வை. பிள்ளைகளின் சான்றிதழுக்காக வெளியூரிலிருந்து வரும் தாய் தகப்பனுக்கு அந்தப் பார்வையும் கிடையாது. யாரும் "உட்காராதே" என்று சொல்வதில்லை. "உட்கார்" என்று சொல்லாததே போதும். நாற்காலி காலியாகக் கிடக்க, மனிதர்கள் சுவரோரமாக நிற்பார்கள். இதைத்தான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிவரை நின்றேன். உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அது என் வீம்பு.

வரும்போது கால் கிலோ கருவாடு வாங்கினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

திங்கள் என்றால் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். எனக்கு அங்கே இனி வேலை ஒன்றும் இல்லை. தகவலெல்லாம் திரட்டி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் கால் தானாகப் போகிறது.

வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே வரிசை நீளம். ஆனால் வரிசையில் ஆள் இல்லை. ஒரு ஒயர் கூடை, ஒரு ஜோடிச் செருப்பு, தண்ணீர் பாட்டில், கல்லை மேலே வைத்த துண்டு, ஒரு செங்கல். ஆட்களெல்லாம் வேப்பமர நிழலில். ஒவ்வொரு சாமானும் ஓர் ஆள். கூடை நகர்ந்தால் செருப்பை நகர்த்திவைப்பார்கள். நடுவில் எவராவது புகுந்தால், "ஏய், அங்க செருப்பு நிக்கி, கண்ணு தெரியலியா?" என்று அதட்டல் வரும். "செருப்பு நிற்கிறது" என்று சொல்வதை முதல்முறை கேட்ட அன்றைக்கு நான் பஸ்ஸில் திரும்பும்போது முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய பெரிய கோட்பாட்டுப் புத்தகங்களில் கிடைக்காதது அந்த ஒரு வரியில் கிடைத்தது.

செங்கல் பேராச்சி அக்காவுடையது. கயிறு கட்டிப் பையில் கொண்டுவருவாள். அவள் தெருவுக்குப் போகிற பாதையை ஒருவர் சுவர் வைத்து அடைத்துவிட்டார். நாலு வருடமாக மனு. இன்றோடு அறுபத்து மூன்று.

சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கோட்டைப் படிக்க எழுத்தே வேண்டாம்.

"எதுக்கு அடிச்சிருக்காவளாம்?"

"சொல்ல மாட்டேங்காரு."

"எழுதிக் கேளு. வாயால சொன்னா காத்தோட போயிரும். 'எதுக்கு வேண்டாம்னு எழுதிக் குடுங்க'ன்னு கேளு. பேனாவ எடுக்கவே மாட்டாவ. நானும் நாலு வருசமா கேக்கேன், ஒருத்தன் எழுதித் தரல. அதனாலதான் என் மனு இன்னும் உசுரோட இருக்கு."

"நாலு வருசமா உசுரோட இருந்து என்னக்கா பிரயோசனம்?"

"செத்துரலல்லா!" என்று சிரித்தாள். பிறகு, "ஏட்டி, நீ அடுத்த திங்கக்கிழமை வந்தா கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வா. சும்மா சும்மா வந்து என் கதைய மட்டும் எடுத்துட்டுப் போற" என்றாள். நியாயம்தான்.

மே 2, வெள்ளி

சார் கிடைத்தார். "எழுதிக் கொடுங்க சார்" என்றேன். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். எழுதவில்லை.

"பதினாறாம் தேதி உன் ஆய்வுக்குழு கூடுது. அங்க கேப்பாங்க. அப்ப என்னால காப்பாத்த முடியாதும்மா. முக்கியமா இந்த நாப்பத்தொண்ணு. யாரு இது?"

தகவலாளர் பட்டியலில் கடைசி ஆள். நாற்பது பேருக்குப் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு இல்லை.

"பேரு வெளிய வர விரும்பாதவர் சார்."

அது பொய் இல்லை. கேட்டிருந்தால் விரும்பியிருக்கமாட்டார்.

அந்தப் பத்தியை இங்கே எழுதிவைக்கிறேன்:

"தகவலாளர் 41. ஆண், வயது 61. மகளின் சான்றிதழ் விண்ணப்பத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து வாங்க வந்தவர். மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் மகளின் கடிதத்தோடு இவர் வந்தார். வருகைப் பதிவேட்டின்படி உள்ளே வந்தது காலை 10.25. வெளியே போனது 2.40. நாலே கால் மணி நேரமும் நின்றார். நாலு நாற்காலிகளும் பெரும்பாலான நேரம் காலியாக இருந்தன. டயர் செருப்பைப் படிக்கட்டில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றதாக அலுவலக உதவியாளர் கூறுகிறார். அறையில் இருந்தவர் இருமுறை வெளியே வந்து இவரைக் கடந்து சென்றார். திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். மூன்றாம் நாள் இறந்தார்."

சரியான பத்தி. ஒரு சொல்கூட மிகை இல்லை. எதற்கு எடுக்க வேண்டும்?

மே 5, திங்கள்

மனு நாளுக்குப் போகவில்லை. துறைக்குத்தான் போனேன். "சார் வெளிய போயிருக்காவ, எப்ப வருவாவன்னு தெரியாது" என்றார் தளவாய் அண்ணன்.

"சரி, எனக்கு லைப்ரரில வேலை இருக்கு. எனக்குப் பதிலா இது நிக்கும்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து அறை வாசலுக்கு நேராக, சுவரோரமாக வைத்தேன். வீட்டில் கிடந்த பழைய செருப்பு. டயர் செருப்பு. வார் தேய்ந்து, ஒரு பக்கம் இரட்டைத் தையல் போட்டிருக்கும்.

"இது யாருதும்மா?"

"என்னுது."

"ஆம்பளச் செருப்பால்லா இருக்கு."

"என்னுதுதான்."

அவர் செருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் செருப்பைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் பேட்டி கொடுத்தபோது விரலை ஆட்டி ஆட்டிப் பேசிய மனிதர். இன்றைக்கு ஸ்டூலில் உட்காராமல் உள்ளே போய்விட்டார். டீ போடப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் நான் வரும்போது செருப்பு வைத்த இடத்தில் இருந்தது. பெருக்க வந்த அம்மா நகர்த்தப் போனாராம். தளவாய் அண்ணன் "அதத் தொடாத" என்று சத்தம் போட்டாராம். ஏன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

நாளைக்கு கேஸ் சிலிண்டர் வரும். வீட்டில் ஆள் வேண்டும்.

மே 7, புதன்

செருப்புக்குப் பின்னால் இன்று ஒரு குடை! கையெழுத்துக்காக நாலு மாதமாக அலையும் பிரேமா வைத்தது. மத்தியானத்துக்குள் ஒரு ஹெல்மெட், ஒரு டிபன் கேரியர், கயிறு போட்டுக் கட்டிய ஆய்வேட்டுக் கட்டு. எல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, சத்தியமாக. பிரேமா கேட்டாள், "வரிசையில நிக்கிறதுன்னா இப்படித்தானக்கா நிக்கணும்?" நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான்.

மே 8

வரிசையில் பதினான்கு சாமான். சார் தாண்டித் தாண்டிப் போகிறார். இன்று ஹெல்மெட்டில் கால் இடித்துக்கொண்டார்.

மே 9, வெள்ளி

சுற்றறிக்கை வந்துவிட்டது: "நடைபாதையில் பொருட்களை வைப்பது தடைசெய்யப்படுகிறது." அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்த தளவாய் அண்ணன், சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சன்னலோரத் திட்டில், அதே வரிசையில் அடுக்கினார். முதலில் டயர் செருப்பு. இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

"இப்ப நடைபாதையில இல்லல்லா?" என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

மே 12, திங்கள்

கருப்பட்டி மிட்டாயோடு போனேன். பேராச்சி அக்காவின் மனு அறுபத்தைந்து. பதினாறாம் தேதி கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அறிவிப்பை அவளே கூட்டிக் கூட்டிப் படித்தாள். "திறந்த அமர்வு. அனைவரும் கலந்துகொண்டு கருத்துக் கூறலாம்."

"அனைவரும்னா?"

"எல்லாரும்."

"எல்லாருமுன்னா நாங்கதான? மிட்டாய மட்டும் குடுத்து ஏமாத்தலாம்னு பாத்தியா? வாறோம்."

மே 15, வியாழன்

சண்டை. மூக்கையா மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆள்; வீட்டில் குரலே எழாது. இன்று எழுந்தது.

ஆய்வு விதிமுறைப் புத்தகத்தை நான்தான் சாப்பாட்டு மேசையில் திறந்து போட்டிருந்தேன். விதி பதினான்கு: ஆய்வாளரின் நெருங்கிய உறவினர் தகவலாளராக இருந்தால் முன்கூட்டியே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பதிவை ரத்து செய்யலாம்.

"ரெண்டே வழிதான் இருக்கு ஆவுடை. அந்த அத்தியாயத்த எடு, டாக்டர் ஆயிரு. இல்லன்னா நாளைக்குப் போயி உண்மையச் சொல்லு. பேரச் சொல்லாம, எடுக்கவும் மாட்டேன்னா எப்பிடி?"

"சொன்னா ரத்து பண்ணிருவாங்க. அழுது எழுதினதும்பாங்க. 'உன் சொந்தச் சோகத்த ஆராய்ச்சின்னு குடுக்கியா'ன்னு கேப்பாங்க. ஒரு வாசல்ல ஒரு ஆளு நின்னது நின்னதுதான? அவரு யாரா இருந்தா என்ன?"

"யாரா இருந்தா என்னன்னா பேரச் சொல்லிட வேண்டியதுதான?"

தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் என் தட்டையும் சேர்த்துக் கழுவிவைத்துவிட்டு, "ஆறு வருசமா நீ அவருக்கு ஒரு நம்பரு குடுத்து வச்சிருக்க" என்றார். "அவரு நின்ன எடத்துல யாரும் பேரு கேக்கல. நீயும் கேக்கலன்னு ஆயிரக் கூடாது."

இந்த மனுஷனைக் கம்பத்திலேயே விட்டுவைக்கலாம். கீழே இறங்கினால் இப்படி ஏதாவது சொல்லிவிடுகிறார்.

மே 16, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கருத்தரங்கக் கூடத்தில் குழு மேடைமேல். நடுவில் சுயம்புலிங்கம் சார். ஒரு பக்கம் சட்டத் துறை நாகேந்திரன் சார். இன்னொரு பக்கம் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டடக்கலைப் பேராசிரியை அருள்ஜோதி அம்மா. எதிரே பிரேமாவும் மற்ற மாணவர்களும். நான் இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாகப் பேராச்சி அக்காவும் அவள் தெருவிலிருந்து மூன்று பெண்களும் வந்தார்கள். வந்து, கடைசிச் சுவரோரமாக நின்றார்கள்.

கூடத்தில் முப்பது நாற்காலி காலி. எனக்கு நாக்கு நின்றுவிட்டது.

"என்னம்மா, தொடரு" என்றார் சார்.

"ஒரு நிமிஷம் சார்." மேடையிலிருந்து இறங்கிப் போனேன். "அக்கா, முன்னால வாங்க. உக்காருங்க. இது நாலாம் அத்தியாயம் வரைக்கும் உங்களப் பத்தித்தான்."

முதல் வரிசையில், வெள்ளைத் துணி உறை போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேராச்சி அக்கா செங்கல் பையை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அந்த உறைபோட்ட நாற்காலி யாருக்கானது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தேன். நாகேந்திரன் சார் பேனாவைத் தட்டினார்.

"இந்த நாப்பத்தொண்ணு. பேரில்ல, கையெழுத்தில்ல, போன் நம்பர் இல்ல. இப்படி ஒருத்தர் நிஜமா இருக்காரா? இல்ல, கதைக்கு நல்லாயிருக்கும்னு சேத்ததா?"

"அதனாலதான் நானும் எடுக்கச் சொன்னேன்" என்றார் சுயம்புலிங்கம் சார் சட்டென்று.

கதையாம்! அந்த நிமிஷம்வரை நான் சொல்வதாக இல்லை. மூக்கையா சொன்னதற்காகவும் இல்லை. கதை என்றதும்தான்.

"இப்ப இல்ல சார். இருந்தாரு. பேரு மாடக்கண்ணு. வயசு அறுபத்தொண்ணு. பழைய பஸ் ஸ்டாண்டுல செருப்புத் தைக்கிறது வேலை. அவருக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல பாதிப் பேரு செருப்பு அவரு கையில பட்டது. எங்க அப்பா."

அப்பா என்று இந்த டைரியில் இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

"அப்ப விதி பதினாலு..." என்று ஆரம்பித்தார் நாகேந்திரன் சார்.

"தெரியும் சார். மறைச்சேன். தப்புதான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா அவரு நின்னது பொய்யில்ல. வருகைப் பதிவேட்டு நகல் பின்னிணைப்புல இருக்கு. பத்து இருபத்தஞ்சு, ரெண்டு நாப்பது. நான் இங்க சேந்த வருசம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, அதனால அவரு வந்தாரு. நான் வந்திருந்தா நான் நின்னிருப்பேன். நின்னது நிஜம். நாற்காலி காலியாக் கிடந்தது நிஜம். மகள் எழுதினதால அது நடக்கலன்னு ஆயிருமா?"

"பதிவேடு இருக்கு, சரி. உக்கார விடலன்னு எப்படித் தெரியும்? அவரே நின்னிருக்கலாமே?"

"நாந்தான் சார் விடல."

கதவருகே டீத் தட்டோடு தளவாய் அண்ணன். கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடின. பிரேமா ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவரு ஒருக்க உக்காரப் போனாரு சார். கால் வலிக்குன்னு சொன்னாரு. நான் 'அங்க உக்காராதீரும், பெரியாளுங்க வருவாவ'ன்னேன். பெறவு அவரு கேக்கவே இல்ல. எனக்கு அப்பிடித்தான் சொல்லியிருந்தாவ. கண்டவங்கள உக்கார வைக்காதன்னு."

"யார் சொல்லியிருந்தாங்க?" என்று கேட்டார் அருள்ஜோதி அம்மா.

தளவாய் அண்ணனுக்கு இன்னும் மூன்று வருட வேலை பாக்கி இருக்கிறது. தரையைப் பார்த்தார்.

"ரூமுக்குள்ள இருந்தவங்க."

யார் அறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. சுயம்புலிங்கம் சார் தண்ணீர் குடித்தார், தம்ளரைக் கீழே வைத்தார், மறுபடியும் எடுத்துக் குடித்தார். தம்ளர் காலி.

முதல் வரிசையிலிருந்து பேராச்சி அக்கா கையைத் தூக்கினாள். "அனைவரும் கருத்துச் சொல்லலாமுன்னு போட்டிருந்துச்சு. சொல்லட்டா?"

அருள்ஜோதி அம்மா, "சொல்லுங்க" என்றார்.

"இந்தப் புள்ள எழுதினது சரியா தப்பான்னு எங்களுக்கு வெவரம் பத்தாது. ஆனா வேண்டாம்னா எதுக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. வாயால மட்டும் சொல்லாதீங்க."

அதைத்தான் குழுவும் கடைசியில் தீர்மானமாக எழுதியது. உறவை மறைத்ததற்கு நான் விளக்கக் கடிதம் தர வேண்டும். அதை ஆய்வேட்டின் முன்னுரையிலேயே அச்சிட வேண்டும். ஐந்தாம் அத்தியாயம் இருக்கலாம். நெறியாளர் மே முப்பதுக்குள் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

கூட்டம் கலைந்தபின் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். முதல்முறையாக அவர் வயது தெரிந்தது.

"எனக்கு அவர ஞாபகமே இல்லம்மா ஆவுடை. சத்தியமா ஞாபகம் இல்ல."

"அதத்தான் சார் அஞ்சாம் அத்தியாயம் சொல்லுது."

மே 17

நாள் முழுக்கத் தூங்கினேன். மூக்கையா வைத்த ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

மே 22, வியாழன்

கையெழுத்து வரவில்லை. காரணமும் வரவில்லை. விளக்கக் கடிதம் எழுதினேன்: "தகவலாளர் 41 என் தந்தை. இதை முன்பே சொல்லாதது என் தவறு. அவரைப் பற்றி எழுதியது தவறல்ல." மூன்று வரி. நாலாவது வரி எழுதினால் அழுகை வந்துவிடும், அதனால் நிறுத்திக்கொண்டேன்.

மே 26, திங்கள்

பைண்டிங் கடைக்குப் போய்விட்டேன். ஆறு பிரதி. "சார் கையெழுத்து வந்த பெறவு போடுவோமாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்ல, இப்பவே போடுங்க. அஞ்சு அத்தியாயத்தோட" என்றேன். சார் கையெழுத்துப் போட மறுத்தாலும் என் வீட்டு அலமாரியில் ஐந்து அத்தியாயமாகத்தான் நிற்கும்.

மே 30, வெள்ளி

ஓய்வுபெறுகிறவர் எல்லாப் பிரிவிலும் "பாக்கி ஏதுமில்லை" என்று சான்று வாங்க வேண்டும். நூலகம், விடுதி, கணக்கு, வீடு, இன்னும் என்னவெல்லாமோ. ஆய்வேடு கொடுக்கிறவளுக்கும் நூலகச் சான்று வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, ஆறு பிரதியையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படி ஏறினேன்.

கணக்குப் பிரிவு வாசலில் சுயம்புலிங்கம் சார் நின்றுகொண்டிருந்தார். தனியாக, சுவரோரமாக, கையில் பைலோடு. வாசலில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு நாற்காலி காலி.

"எவ்வளவு நேரமா சார் நிக்கீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்மா. ஆபீசர் மீட்டிங்காம்."

"நாற்காலி கிடக்கே சார்."

நாற்காலியை அப்போதுதான் பார்த்தவர் மாதிரிப் பார்த்தார். "யாரும் உக்காரச் சொல்லலியேம்மா" என்றார்.

சொல்லிவிட்டு, சொன்னது அவர் காதிலேயே விழுந்து, அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு இரக்கம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை பழக்கத்தில் பைக்குள் போய்க் களநோட்டை எடுத்துவிட்டது.

"எத்தன மணிக்கு வந்தீங்க சார்?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். "பத்து நாப்பது" என்றார்.

"நாற்காலி எத்தனை?"

"நாலு."

"காலியா?"

"காலிம்மா. காலியாத்தான் கிடந்தது."

எழுதிக்கொண்டேன். "இப்ப உக்காருங்க சார். நான் சொல்லுதேன்" என்றேன். உட்கார்ந்தார். கையை நீட்டினார். ஆய்வேட்டைக் கொடுத்தேன். பைண்ட் ஆகியிருப்பதைப் பார்த்தார், ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து நாற்பத்தொன்றாம் தகவலாளரின் பத்தியைப் படித்தார். பிறகு மடியில் வைத்தே ஆறு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

"என்னையும் சேத்துக்க. நாப்பத்திரண்டுன்னு போட்டுக்க. பேரோட போடு."

"அச்சாயிருச்சு சார். இடம் இல்ல."

இடம் பண்ணியிருக்கலாம். ஒரு தாள் ஒட்டினால் போதும். நான் பண்ணவில்லை. பட்டியல் என் அப்பாவோடு முடிகிறது. அங்கேயே முடியட்டும்.

மூன்று இருபதுக்கு ஆய்வேட்டை ஒப்படைத்தேன். ரசீது வாங்கிக்கொண்டு, செருப்பை எடுக்கத் துறைக்குப் போனேன். சன்னல் திட்டில் வரிசை காலி. மற்ற பதின்மூன்று பேருக்கும் சார் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். எல்லாரும் சாமானை எடுத்துப் போய்விட்டார்கள். டயர் செருப்பையும் காணோம்.

"அண்ணே, செருப்பு?"

தளவாய் அண்ணன் வாசலைக் காட்டினார். நாலு பச்சை நாற்காலியில் ஒன்றைச் சுவரை விட்டு முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். துடைத்திருந்தார். நாற்காலிக்கு முன்னால், கால் ஊன்றுகிற இடத்தில், இரண்டு செருப்பும் சேர்ந்தாற்போல, ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"காலையிலேருந்து அப்பிடித்தான் இருக்கு. யாரையும் உக்கார விடல" என்றார்.

உடனே எடுக்க மனம் வரவில்லை. அப்பா உட்கார்ந்திருக்கட்டும் என்று நான் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.